ஊசி போட்டவர் ஊர் சுற்றினார், போடாதவர் உள்ளேயே இருந்தார் – கடிதமும் பதிலும்

ஐயா,

கொரோனா போய் இத்தனை வருடம் ஆகியும் எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் ஓயவில்லை. 2021 ஜூலையில் என் மாமனார் இரண்டாவது டோஸ் போட்ட மறுவாரமே கல்யாணம், காதுகுத்து என்று கிளம்பிவிட்டார். நடிகர் விவேக் இறந்த செய்தியில் பயந்துபோய் ஊசியே போட்டுக்கொள்ளாத மாமியாரோ தீபாவளி வரை வாசல்படி தாண்டவில்லை. 'ஊசி ஆளை அலட்சியமாக்கிவிடும், போடாதவர்கள்தான் கவனமாக இருந்தார்கள்' என்கிறார் கணவர். அப்படித்தானா?

சுந்தரி, திண்டுக்கல்

அன்புள்ள சுந்தரி,

உங்கள் கணவர் கண்ணால் பார்த்தது சரி. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் இடிக்கிறது.

இதை ஐரோப்பாவில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். கோமிக்ஸ் என்று ஓர் ஆய்வு. 2020 மார்ச்சில் பிரிட்டன், பெல்ஜியம், நெதர்லாந்தில் ஆரம்பித்துப் பல நாடுகளுக்குப் பரவியது. நேற்று யார் யாரைச் சந்தித்தீர்கள் என்று கேட்பார்கள். நேரில் இரண்டொரு வார்த்தை பேசியிருந்தால் கணக்கு, தொட்டிருந்தாலும் கணக்கு. (காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் போகிறவரிடம் இந்தப் படிவத்தைக் கொடுத்தால் தாள் போதாது.) பிரிட்டனில் 2005-06இல் எடுத்த பழைய கணக்கில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 10.8 பேர். முதல் ஊரடங்கில் அது 2.8 ஆனது.

தடுப்பூசி வந்தபின் பார்த்தால், வயது போன்ற வேறுபாடுகளைக் கழித்த பிறகும், போட்டவர்களே அதிகம் பேரைச் சந்தித்திருந்தார்கள். எந்த நாட்டுக்காரர் என்பதைவிட எப்படிப்பட்ட ஆள் என்பதே சந்திப்புகளைக் கூடுதலாகத் தீர்மானித்தது. ஒரே வீட்டுக்குள் உங்களுக்கு இரண்டு தேசம் இருந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் இதை வைத்து ஊசியால் அலட்சியம் வந்தது என்று சொல்லிவிட முடியாது. 2021 ஆகஸ்டில் பிரான்ஸிலும் இத்தாலியிலும் உணவகத்துக்குள் போக வேண்டுமானால் சான்றிதழ் காட்ட வேண்டும். ஊசி போட்டவருக்கு அது கையில் இருந்தது. போடாதவர் பரிசோதனை முடிவோடு வரவேண்டும், அல்லது நோய் வந்து குணமானதைக் காட்டவேண்டும். அப்புறம் யார் அதிகம் பேரைப் பார்ப்பார்கள்? வெளியே போய்த் தீரவேண்டியவர்கள் முந்திக்கொண்டு ஊசி போட்டதும் உண்டு. மாமனாரும் கல்யாணத்துக்குப் போவதற்காகவே போட்டுக்கொண்டாரோ என்னவோ, கேட்டுப் பாருங்கள்.

போடாதவர்களும் ஒரே ரகமில்லை. உங்கள் மாமியாருக்கு ஊசியிலும் பயம், நோயிலும் பயம். இரண்டிலும் பயமில்லாத ஆட்கள் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் இருந்தார்கள். உங்கள் கணவர் வீட்டில் இருந்தவரை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்.

மாமியாரின் பயத்தையும் நான் கேலி செய்யமாட்டேன். விவேக் 2021 ஏப்ரல் 15இல், மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி போய்விட்டார். அந்த மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு பிற்பாடு சொன்னது. அது எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? அதே வாரங்களில் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது. தினமும் அறிக்கையில் வந்த சாவு வெறும் எண்ணாகப் போனது; இது முப்பது வருஷத்துக்கும் மேலாக நம்மைச் சிரிக்கவைத்த முகம்.

மாமனாரிடம்தான் எனக்கு வழக்கு. இரண்டாவது டோஸ் முழுப் பலன் தரச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அவர் மறுவாரமே கிளம்பிவிட்டார். சரி, அதை விடுங்கள். அன்று சுற்றிக்கொண்டிருந்த டெல்டா வகைக் கொரோனா, ஊசி போட்டவரையும் தொற்றும். அவரிடமிருந்து அடுத்தவருக்கும் போகும். சாகாமல் காப்பாற்றுவதில்தான் ஊசி பெரிதாக உதவியது. ஆகவே தனக்கு ஆபத்து குறைவு என்று அவர் போட்ட கணக்கில் தப்பில்லை. வீட்டில் ஊசி போடாமல் இருந்தவரை அந்தக் கணக்கில் சேர்த்தாரா? கல்யாணத்துக்குப் போனதைப் பற்றி இவ்வளவு நாள் பேசிவிட்டீர்கள். திரும்பி வந்து யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கணவரிடம் கேளுங்கள்.