பாஸ்வேர்டு கேட்காமலே நின்றுவிட்ட லேப்டாப்

கேள்வி: உபுண்டு லேப்டாப், வட்டு முழுவதும் என்கிரிப்ட் செய்தது. நேற்று அப்டேட்டில் புது கெர்னல் வந்தது. ரீஸ்டார்ட் செய்தால் பாஸ்வேர்டு கேட்காமல், கறுப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று அடைப்புக்குறிக்குள் வந்து நிற்கிறது. ஆய்வேட்டின் நான்கு அத்தியாயங்கள் அதில்தான் இருக்கின்றன. எல்லாம் போய்விட்டதா?
- ஆய்வு மாணவி, திண்டுக்கல்

பதில்: போயிருக்காது, பயப்படாதீர்கள். பாஸ்வேர்டே கேட்கவில்லை என்றால் பூட்டு இன்னும் திறக்கப்படவில்லை, அவ்வளவுதான். யார் சொன்னாலும் மறுபடி இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். அதுதான் உண்மையில் அத்தியாயங்களை அழிக்கும்.

கெர்னலோடு (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்ந்து ஒரு சிறு தொகுப்பு நினைவகத்தில் ஏறும். அதன் பெயர்தான் நீங்கள் திரையில் பார்த்தது. வட்டைத் திறக்கும் கிரிப்ட்செட்டப் என்ற கருவி அதற்குள் இருக்க வேண்டும். 'கெர்னல் பேனிக்' என்று வந்திருந்தால், பூட் பகுதி (வட்டில் கெர்னல் கோப்புகள் இருக்கும் இடம்) நிரம்பி அந்தத் தொகுப்பே உருவாகவில்லையோ என்று பார்க்கச் சொல்வேன். உங்களுக்குத் தொகுப்பு ஏறியிருக்கிறது. பெரும்பாலும் கிரிப்ட்செட்டப்தான் உள்ளே சேரவில்லை.

லேப்டாப்பை ஆன் செய்ததும் எஸ்கேப் கீயைத் தட்டுங்கள் (பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள்). எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு கேட்டுத் திறந்ததா? சரி, முதல் வேலையாக ஆய்வேட்டைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அப்புறம் 'கிரிப்ட்செட்டப்-இனிட்ராம்எஃப்எஸ்' பேக்கேஜ் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் போடுங்கள். பிறகு 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையைப் புது கெர்னலின் எண்ணுக்கு மட்டும் ஓட்டுங்கள். இணையத்தில் பலர் எல்லா கெர்னலுக்கும் ஓட்டச் சொல்வார்கள். வேண்டாம். இப்போது உங்களைக் காப்பாற்றும் பழைய தொகுப்பும் அதில் மாற்றி எழுதப்பட்டுவிடும்.

பழைய கெர்னலும் எழவில்லை என்றால் லைவ் பென்டிரைவில் (வட்டைத் தொடாமல் உபுண்டுவை நேரடியாக ஓட்டும் பென்டிரைவ்) ஏறி, வட்டைத் திறந்து, பூட் பகுதியையும் மவுண்ட் செய்து, சிரூட் (வட்டில் உள்ள உபுண்டுவுக்குள் வெளியிலிருந்து நுழையும் கட்டளை) வழியே இதையே செய்யலாம். அங்கே ஒரு இடத்தில் நானே ஒரு ராத்திரி முழுக்க மாட்டிக்கொண்டேன். வட்டைத் திறக்கும்போது நாம் கொடுக்கும் பெயரும், ஈடிசி என்ற அமைப்புக் கோப்புறையில் உள்ள கிரிப்ட்டேப் கோப்பில் எழுதியிருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே 'எஸ்டிஏ3_கிரிப்ட்' என்று இருக்க, நான் வேறு பெயரில் திறந்திருந்தேன். கட்டளை ஒரே ஒரு எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டு முடிந்தது. நான் அந்த வரியைப் படிக்கவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி அதே கறுப்புத் திரை. பெயரைத் திருத்தித் திறந்து, கட்டளையை மறுபடி ஓட்டிய பிறகுதான் பாஸ்வேர்டு கேட்டது.