வெண்கலச் சர்ப்பம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாம்பு என்றால் சாத்தான் என்றுதான் ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அண்மையில் வேதாகமத்தின் எண்ணாகமம் 21ஆம் அதிகாரத்தை வாசித்துக் குழம்பிவிட்டேன். பாம்புகடிபட்ட ஜனங்கள் பிழைக்க, ஒரு பாம்பைச் செய்து கம்பத்தில் தூக்கிவைக்கும்படி மோசேக்குச் சொல்வது கர்த்தரேதான். சாத்தானின் உருவத்தை அவர் ஏன் செய்யச் சொல்லவேண்டும்? பாம்பு பழைய தாய்த்தெய்வத்தின் சின்னம், அதை ஒழிக்கத்தான் பாம்பு ஏவாளை ஏமாற்றும் ஏதேன் கதையைக் கட்டினார்கள் என்கிறார் நண்பர் ஒருவர். அது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ஏதேன் கதையில் சாத்தானே இல்லை. ‘தேவனாகிய கர்த்தர் உண்டாக்கின சகல காட்டு ஜீவன்களைப்பார்க்கிலும்’ தந்திரமுள்ளது என்றுதான் பாம்பு அங்கே அறிமுகமாகிறது. படைக்கப்பட்ட மிருகங்களில் ஒன்று, அவ்வளவே. பிசாசின் பொறாமையால் சாவு உலகில் நுழைந்தது என்ற பேச்சு, பல நூற்றாண்டுகள் கழித்து கிரேக்கத்தில் எழுதப்பட்ட சாலமோனின் ஞானம் நூலில் வருகிறது. ‘பழைய பாம்பு’ சாத்தான்தான் என்று பெயர் சொல்லி முடிச்சுப்போடுவது வெளிப்படுத்தின விசேஷம். கடைசிப் புத்தகத்தை வைத்து முதல் புத்தகத்தை வாசித்துப் பழகிவிட்டோம்.

நண்பர் சொல்வதில் பாதி உண்மை. இஸ்ரவேலருக்கு முன் அங்கே வாழ்ந்த கானானியரின் கோயில்களில் பாம்பு இருந்தது. இஸ்ரேலின் வடக்கே ஆத்சோரில் இரு கைகளிலும் பாம்பு பிடித்த பெண்ணுருவம் கொண்ட, வெள்ளி பூசிய வெண்கலச் சின்னம் ஒன்று கிடைத்திருக்கிறது. ஆனால் ஏதேன் கதை வரும் ஆதியாகமம் 3இல் தேவியும் இல்லை, கோயிலும் இல்லை. அந்தக் கதைக்கு நெருங்கிய உறவு மெசொப்பொத்தேமியாவின் கில்காமேஷ் காவியம். இளமையை மீட்டுத்தரும் செடியை அரும்பாடுபட்டுக் கொண்டுவருகிற கில்காமேஷ் குளத்தில் குளிக்க இறங்குகிறான். பாம்பு வந்து செடியைக் கவ்விக்கொண்டு, போகிற போக்கில் தோலை உரித்துவிட்டுப் போகிறது. இரண்டிலும் சாகாவரம் கைநழுவும் இடத்தில் பாம்பு நிற்கிறது. சட்டையுரித்துப் புதிதாகும் பிராணியைப் பார்த்து மனிதனுக்கு வந்த ஏக்கம் அது. தாய்த்தெய்வத்தை ஒழிக்கும் சதி எதுவும் எனக்கு அதில் தென்படவில்லை.

இனி உங்கள் வெண்கலப் பாம்பு. எண்ணாகமத்தோடு நிறுத்திவிடாதீர்கள், 2 இராஜாக்கள் 18:4ஐயும் வாசியுங்கள். மோசே செய்த அந்தப் பாம்புக்கு இஸ்ரவேலர் ‘அந்நாட்கள்வரை’ தூபம் காட்டிவந்தார்கள், யூதாவின் ராஜா எசேக்கியா அதை உடைத்துப்போட்டான் என்கிறது அது. பெயரும் இருக்கிறது, நிகுஸ்தான். எசேக்கியாவின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதி. அதுவரை யூதாவில் ஒரு பாம்புருவம் மோசேயின் பெயரால் வழிபாடு பெற்றுவந்திருக்கிறது. அந்த உருவம் முதலில் இருந்தது, அதன் பூர்வகதையாகவே எண்ணாகமக் கதை வந்தது என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். நானும் அந்தப் பக்கம்தான்.

இஸ்ரேலின் தெற்கே திம்னாவில் பழைய தாமிரச் சுரங்கங்கள் இருக்கின்றன. அங்கே எகிப்தியர் தங்கள் தேவி ஹாத்தோருக்குக் கட்டிய சிறுகோயிலைப் பின்னாளில் பாலைவனக் குடிகளான மீதியானியர் கூடாரக் கோயிலாக்கிக்கொண்டார்கள். 1969இல் அகழாய்வாளர் பெனோ ரோதன்பெர்க் அதில் தங்கமுலாம் பூசிய தலையுள்ள ஒரு தாமிரப் பாம்பைக் கண்டெடுத்தார். ஒரு சாணுக்கும் குறைவான நீளம்தான். மோசேயின் மாமனார் மீதியான் ஆசாரியன் என்பதால் உடனே ‘மோசேயின் பாம்பு கிடைத்துவிட்டது’ என்று குதிக்க வேண்டாம். அந்த வட்டாரத்தில் தாமிரத்தில் பாம்பு செய்து கோயிலில் வைக்கும் வழக்கம் இருந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

எசேக்கியா பாம்பை ஏன் உடைத்தான்? அந்நியச் சின்னம் என்பதாலா? அவனுடைய சொந்த முத்திரை பதிந்த களிமண் வில்லை ஒன்று எருசலேமில் கிடைத்து, 2015இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதில் சிறகுள்ள சூரியன், இருபுறமும் எகிப்தின் உயிர்க்குறியான ‘ஆங்க்’! ஆகவே எகிப்திய வாடையை அவன் வெறுத்தான் என்று சொல்லமுடியாது. வழிபாட்டு மேடைகளை அகற்றி வழிபாட்டை எருசலேமில் குவித்த அதே கைதான் பாம்பையும் உடைத்தது. பாம்பு தீயது என்பதல்ல, ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டினார்கள் என்பதே வேதம் சொல்லும் குற்றச்சாட்டு.

அதே காலத்து யூதா முத்திரைகளில் சிறகு முளைத்த நாகங்களும் உண்டு, சிலவற்றுக்கு நான்கு சிறகு. எசேக்கியாவின் காலத்திலேயே வாழ்ந்த தீர்க்கதரிசி ஏசாயா, கர்த்தரின் சிங்காசனத்துக்கு மேலே ஆறு சிறகுள்ள சேராபீன்கள் என்ற வானவர்களைக் காண்கிறார். தமிழ் வேதாகமம் எண்ணாகமத்தில் ‘கொள்ளிவாய்ச் சர்ப்பம்’ என்றும் ஏசாயாவில் ‘சேராபீன்’ என்றும் எழுதுவது எபிரெயத்தில் ஒரே பெயர். ஆகவே ‘பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்’ என்று பாடுகிற அந்தச் சேராபீன்கள் சிறகுள்ள நாகங்களாகத் தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கிறிஸ்துமஸ் அட்டைகளில் வரும் தேவதூதர்களை இந்த இடத்தில் மறந்துவிடுவது நல்லது.

உங்களை உறுத்திய கேள்வி யூத ரபீக்களையும் உறுத்தியிருக்கிறது. பாம்பா கொல்லும், பாம்பா உயிர் கொடுக்கும் என்று கேட்கிறது அவர்களுடைய சட்டத்தொகுப்பான மிஷ்னா. மேலே பார்த்து, பரலோகப் பிதாவுக்கு மனதை ஒப்புக்கொடுத்தவர்கள் பிழைத்தார்கள் என்று பதிலும் சொல்கிறது. கெட்டிக்காரப் பதில்தான். ஆனால் எசேக்கியாவுக்கு முந்தின நாள் தூபம் காட்டிக்கொண்டிருந்தவர் யாரும் அதை ஒப்புக்கொண்டிருக்கமாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.