குறை ரத்த அழுத்தமும் சாப்பாடும்: உணவியல் ஆலோசகரின் பதில்கள்

மதுரை மாணவி, வயது 22: எனக்கு அழுத்தம் எப்போதும் 95/60. என்ன சாப்பிட்டால் ஏறும்?

பதில்: தலைச்சுற்றலும் மயக்கமும் இல்லையென்றால் ஏற்றவே வேண்டாம். 90/60-க்குக் கீழே போனால்தான் குறைவு என்கிறோம். அதுவும் தொந்தரவு கொடுத்தால்தான் கவலை.

கும்பகோணம் வாசகி: அப்பாவுக்கு 74 வயது, நெடுநாள் சர்க்கரை. மதியம் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தால் தள்ளாடுகிறார். ஒருமுறை விழுந்தும்விட்டார். காலையில் அளந்தால் அழுத்தம் சரியாகவே இருக்கிறது.

பதில்: காலையில் அளந்தால் இது பிடிபடாது. சாப்பிட்டதும் குடலுக்கு ரத்தம் அதிகமாகப் பாய்கிறது. இளவயதில் இதயம் சற்று வேகமாகத் துடித்து, மற்ற இடத்து ரத்தக்குழாய்கள் சுருங்கி அதை ஈடுகட்டிவிடும். முதுமையில், நரம்புகளைச் சர்க்கரை பாதித்திருந்தால், ஈடுகட்ட முடிவதில்லை. சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்குகிறதா என்று பாருங்கள். சாப்பிடும் முன்பும், பிறகு அரை மணிக்கு ஒருமுறையும் அளந்து, எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயிறு நிறைய வெள்ளைச் சோறு, ரசத்துக்கு மறுசோறு, மேலே பாயசம் என்று போனால் இறக்கம் கூடும். சோற்றைப் பாதியாக்கிக் கீரை, சுண்டல், முட்டை வையுங்கள். மூன்று வேளை உணவை ஐந்தாகப் பிரியுங்கள். இதயம், சிறுநீரகக் காரணங்களுக்காகத் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருக்காவிட்டால், சாப்பிடும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கட்டும். கை கழுவக் கிண்ணத்தில் தண்ணீரை அவர் உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

சேலம் வாசகர்: 100/70 இருக்கிறது. உப்பைக் கூட்டலாமா?

பதில்: 100/70 நல்ல அளவு. மருத்துவர் சொல்லாமல் உப்பைக் கூட்டாதீர்கள்.

நாகர்கோவில் வாசகர்: லோ பிபிக்காகத் தினமும் பீட்ரூட் சாறு குடிக்கிறேன்.

பதில்: நிறுத்துங்கள். பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட் உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி ரத்தக்குழாய்களை விரிக்கிறது. அழுத்தம் இறங்கத்தான் செய்யும்.

நாகர்கோவில் வாசகர்: ரத்தம் ஊறும் என்று எங்கள் பாட்டி காலத்திலிருந்தே கொடுக்கிறார்களே?

பதில்: ரத்தசோகை வேறு, குறை அழுத்தம் வேறு. சோகைக்கும் பீட்ரூட் பெரிய உதவியில்லை. 100 கிராமில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அந்தச் சிவப்பு வெறும் நிறமி. ஹீமோகுளோபினைப் பரிசோதியுங்கள்.

ஈரோடு வாசகி: அவர் சொல்வதுதான் சரி. பீட்ரூட் சாறு குடித்த பிறகே என் கிறுகிறுப்பு நின்றது.

பதில்: சாற்றில் தண்ணீரும் உப்பும் சேர்த்துத்தானே குடித்தீர்கள்? உடலில் நீர் குறைந்து வந்த கிறுகிறுப்பென்றால் அவையே அதை நிறுத்தியிருக்கும். பீட்ரூட்டை விட்டுவிட்டு மோர் குடித்துப் பாருங்கள்.

ராமநாதபுரம், கட்டட வேலை செய்பவர்: வெயிலுக்கு இளநீர் போதுமா?

பதில்: போதாது. வியர்வையில் அதிகம் போவது சோடியம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ தண்ணீரோடு சேர்த்துக் குடியுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

திருநெல்வேலி வாசகர்: 105/70. உப்பு கூட்டலாமா?

பதில்: சேலத்துக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

சென்னை வாசகர்: அம்மாவுக்கு இரண்டு நாளாக மயக்கம், அழுத்தம் 85/50, மலம் தார்போலக் கறுப்பு. என்ன கஞ்சி கொடுக்கலாம்?

பதில்: கஞ்சி வேண்டாம். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதோ என்று அஞ்சுகிறேன். படுக்க வையுங்கள், இப்போதே 108-ஐ அழையுங்கள்.