கையெழுத்து போட்டா ஆளையே எழுதிக் குடுத்த மாதிரியா?

கேள்வி: அக்கா, நான் வியாசர்பாடி, பி.ஏ. பொலிட்டிகல் சயின்ஸ் ரெண்டாவது வருஷம். தம்பிக்கு 19 வயசு, செங்குன்றம் பக்கத்துல ஒரு அரிசி மில்லுல வேலை. அப்பா ஆஸ்பத்திரி செலவுக்கு 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்குனான். இப்போ வேற வேலைக்குப் போறேன்னா ஓனர் விட மாட்டேன்றாரு, ஆதாரையும் வாங்கி வச்சிக்கினாரு. "நீயாதானே கையெழுத்து போட்ட"ன்றாரு. கிளாஸ்ல ஜான் லாக்னு 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்து தத்துவ அறிஞர் பத்தி நடத்தும்போது சம்மதம்தான் அடிப்படைன்னாங்க, அப்போ ஓனர் சொல்றது கரெக்டா? அந்த லாக்கே அடிமை வியாபாரக் கம்பெனியில பணம் போட்டவராமே, அவரை எதுக்குப் படிக்கணும்? பேப்பர் போட்டோ அனுப்பியிருக்கேன்.

பதில்: தங்கச்சி, ஓனர் சொல்றது தப்பு. மொதல்ல இத தம்பிக்கு போன் பண்ணி சொல்லிட்டு வா, அப்புறம் மீதியப் படி.

போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். 20 ரூபா ஸ்டாம்ப் பேப்பர், தொகை எழுதுற எடம் காலி, கீழ தம்பி கையெழுத்து மட்டும் கோணலா, மொத எழுத்த ரொம்ப அழுத்திப் போட்டிருக்கான். மனசு கஷ்டமாயிடுச்சு.

லாக் சம்மதம் பத்தி சொன்னாரு, அதுக்கு ஒரு எல்லையும் சொன்னாரு. 1689-ல வந்த அவரோட புஸ்தகத்துல அடிமைத்தனத்துக்குன்னே ஒரு சின்ன அத்தியாயம் இருக்கு. மனுஷனுக்கு தன் உயிரை தானே அழிச்சிக்கவே உரிமை கெடையாது, அப்புறம் எப்படி ஒப்பந்தம் போட்டு அதை இன்னொருத்தன் கையில குடுப்பான்றாரு. உழைப்பை கூலிக்கு விடலாம், ஆளை விக்க முடியாது.

நீ கேள்விப்பட்டதும் உண்மைதான். ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில ஷேர் வச்சிருந்தாரு. 1669-ல அமெரிக்காவுல இருந்த கரோலினா காலனிக்கு எழுதுன சட்டத்துலயும் அவர் கை இருந்துச்சு, சுதந்திர மனுஷனுக்கு தன்னோட கறுப்பின அடிமை மேல முழு அதிகாரம்னு அதுல இருக்கு. அந்தக் காலம் அப்படின்னு சொல்லி மூடி மறைக்க எனக்கு மனசு வரல. நியாயமான சண்டையில புடிபட்டவனை அடிமையா வச்சிக்கலாம்னு ஒரு சந்து விட்டாரு, ஆனா அவன் புள்ளைங்க மேல ஜெயிச்சவனுக்கு உரிமை இல்லன்னும் அதே புஸ்தகத்துல எழுதியிருக்காரு, அப்போ தோட்டத்துல அடிமையாவே பொறந்த கொழந்தைங்களுக்கு நடந்தது அவர் எழுத்துப்படியே அநியாயம். அதனாலதான் படிக்கச் சொல்றேன், அவர் கணக்கை வச்சே அவரை கேள்வி கேக்கலாம். கரீபியன் கடல்ல இருக்கற ஹைட்டியில 1791-ல அடிமைங்களே எழுந்து நின்னு 1804-ல தனி நாடே ஆக்கிக்கினாங்க, சுதந்திரம்ன்ற வார்த்தைக்கு முழு அர்த்தம் குடுத்தது அவங்கதான்.

நம்ம பெரம்பூர்லயும் இந்த "கையெழுத்து" பேச்சு நடந்திருக்கு. 1918-ல சென்னை தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாங்க, அப்புறம் பின்னி துணி மில்லு தகராறுல சங்கத் தலைவர் வாடியா மேல கம்பெனி கேஸ் போட்டுச்சு, தொழிலாளிங்களை ஒப்பந்தத்தை மீறச் சொல்லி தூண்டினாருன்னு. ஹைகோர்ட்டும் தடை போட்டுச்சு. அந்த அடியிலதான் சங்கத்துக்கு சட்டப் பாதுகாப்பு வேணும்னு குரல் கெளம்பி 1926-ல தொழிற்சங்கச் சட்டம் வந்துச்சு.

இப்போ தம்பி விஷயம். அட்வான்ஸ் வாங்குறது குத்தம் இல்ல, அதைக் காட்டி வேற வேலைக்குப் போக விடாம புடிச்சி வச்சா 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அது கொத்தடிமை முறை. அப்படின்னா அந்தக் கடனே செல்லாது, கையெழுத்து இருந்தாலும் செல்லாது, இது கொத்தடிமைக் கடன் இல்லன்னு நிரூபிக்க வேண்டியதும் ஓனர்தான். 1982-ல டில்லி ஏசியன் கேம்ஸ் கட்டட வேலைக்காரங்க கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு, பசியால வேற வழியில்லாம ஒத்துக்கறதும் கட்டாயம்தான்னு சொல்லிடுச்சு. ஆஸ்பத்திரி பில்லை கையில வச்சிக்கினு போட்ட கையெழுத்து எந்த அளவுக்கு சம்மதம்னு நீயே சொல்லு.

மில்லுக்குப் போய் சண்டை போடாதீங்க. மில் இருக்கற மாவட்டத்து கலெக்டர் இல்லனா ஆர்.டி.ஓ. (வண்டி ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர்) கிட்ட மனு குடுங்க, வக்கீலுக்கு காசு இல்லனா 15100-க்கு போன் பண்ணு, இலவச சட்ட உதவி. கூலி எவ்ளோ, புடிச்சது எவ்ளோ, எத்தனை மணி நேரம் வேலைன்னு தேதி போட்டு நோட்டுல எழுதச் சொல்லு, ஓனர் அனுப்புன வாட்ஸ்அப் வாய்ஸ் எதையும் அழிக்க வேணாம். ஆதாருக்காக கெஞ்சிக்கினு நிக்காதீங்க, நகல் டவுன்லோடு பண்ணிக்கலாம், அதுவும் செல்லும். மனு எழுதிட்டு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எனக்கு அனுப்புமா, ஒரு தடவ படிச்சிப் பாத்துடறேன்.