அமைச்சரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது: எல்லையோர வாசகர்களுக்குப் பதில்கள்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும், மலைக்கு மேலே குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு பகுதிகளிலிருந்தும் நாடாளுமன்றக் கேள்வி நேரத்தைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் கேள்விகளை வரைந்து கொடுக்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (உத்தமபாளையம்): தொலைக்காட்சியில் அமைச்சர் எழுந்து பதில் சொல்வதைப் பார்க்கிறோம். எல்லாக் கேள்விகளுக்கும் அப்படித்தான் பதில் வருமா ஐயா?

இல்லை. மக்களவையில் காலை 11 மணி முதல் 12 மணி வரையும், மாநிலங்களவையில் நண்பகல் 12 மணி முதல் 1 மணி வரையும் கேள்வி நேரம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் பட்டியலில் இடம்பெறும். இவற்றுக்குத்தான் அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்வார். கேட்ட உறுப்பினர் துணைக் கேள்விகளையும் எழுப்பலாம். குறியிடாத கேள்விகள் 230 வரை இருக்கும். அவற்றுக்கு எழுத்தில் மட்டுமே பதில். அந்த ஒரு மணி நேரத்தில் இருபதும் முடிவது அரிது. அமளியால் அவை ஒத்திவைக்கப்பட்டால் ஒன்றுகூட வாய்மொழியாக வராது. ஆனாலும் எட்டாமல் போன கேள்விகளுக்கான பதில்கள் எழுத்து வடிவில் அவையில் வைக்கப்பட்டுவிடும். தொலைக்காட்சியில் வருவதை மட்டும் பார்ப்பவர்கள் இந்த எழுத்துப் பதில்களைத் தவறவிடுகிறார்கள். என் அனுபவத்தில், நம்மைப் போன்ற சிறு ஊர்களுக்கு வேண்டிய விவரங்களில் பெரும்பகுதி குறியிடாத கேள்விகளின் பதில்களில்தான் கிடைத்திருக்கிறது.

கேள்வி (போடி): ஏலக்காய் விலை சரிந்தபோது எங்கள் எம்.பி.யிடம் மனு கொடுத்தோம். அவர் கேள்வி கேட்டார், பதிலும் வந்தது. ஆனால் அதில் ஒன்றுமே இல்லையே?

நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். "ஏலக்காய் விவசாயிகள் பாதிக்கப்பட்டிருப்பதை அரசு அறியுமா, எடுத்த நடவடிக்கை என்ன" என்பதுதான் கேள்வி. இப்படிக் கேட்டால், நறுமணப் பொருள் வாரியம் (ஸ்பைசஸ் போர்டு) நடத்தும் திட்டங்களின் பெயர்களை வரிசையாக அடுக்கி ஒரு பக்கத்தில் பதிலை முடித்துவிடுவார்கள். பொய் எதுவும் இருக்காது, பயனும் இருக்காது.

இந்த வாரியம் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அதன் தலைமையகம் கொச்சியில் உள்ளது. ஏலக்காய்க்கான மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் நடப்பதால், அளவும் விலையும் நாள்வாரியாகப் பதிவாகியிருக்கும். ஆகவே அரசின் கையில் ஏற்கெனவே இருக்கும் எண்ணைக் கேளுங்கள். கடந்த மூன்று நிதியாண்டுகளில் இந்த இரு மையங்களிலும் மாதவாரியாக விற்ற அளவு எவ்வளவு, சராசரி விலை எவ்வளவு. அதே காலத்தில் குவாத்தமாலா ஏலக்காய் எந்தெந்தத் துறைமுகங்கள் வழியாக எவ்வளவு வந்தது. கலப்படம், சாயம் பற்றி எத்தனை மாதிரிகள் சோதிக்கப்பட்டன, எத்தனை தேறவில்லை. இப்படி அ, ஆ, இ என்று பிரித்துக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும்; ஒரு பகுதியை விட்டுவிட்டால் அது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டம் இடுக்கியில், வீடு போடியிலோ கம்பத்திலோ என்று வாழ்பவர்கள் நம்மில் ஏராளம். இடுக்கி உறுப்பினரும் தேனி உறுப்பினரும் ஒரே பொருளில் கேள்வி கொடுத்தால், இருவர் பெயரையும் சேர்த்து ஒரே கேள்வியாக்க வழி இருக்கிறது. இரு மாநிலத்து உறுப்பினர்கள் ஒன்றாகக் கேட்கும் கேள்வியை மாநிலச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த வாய்ப்பை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

கேள்வி (கூடலூர், தேனி மாவட்டம்): முல்லைப் பெரியாறு அணை பலமாக இருக்கிறதா என்று அமைச்சரிடம் நேரடியாகக் கேட்டால் என்ன?

கேட்டால் அனுமதி கிடைப்பதே சிரமம். கருத்தைக் கேட்கும் கேள்வி, கற்பனையான நிலையை வைத்துக் கேட்கும் கேள்வி, நீதிமன்றத்தின் விசாரணையில் உள்ளதைப் பற்றிய கேள்வி ஆகியவற்றை மக்களவை விதி 41 ஏற்பதில்லை. கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், குற்றச்சாட்டு, ஏளனச் சொல் எதுவும் அதில் இருக்கக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோபத்தில் "ஏன் இந்தப் பாராமுகம்" என்ற பொருளில் ஒரு தொடரை எழுதிவிட்டேன். அந்தத் தொடருக்காகவே கேள்வி திரும்பி வந்தது. அந்தக் கூட்டத்தொடரில் அதைத் திருத்திக் கொடுக்க நாளும் இல்லாமல் போயிற்று.

நிர்வாகத்தைப் பற்றிய தகவலைக் கேட்பதே சரியான வழி. 2014 மே 7 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதி தந்து, கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. இப்போதுள்ள கண்காணிப்புக் குழு கடைசியாக அணையைப் பார்வையிட்ட நாள் எது, பதிவு செய்த நீர்க்கசிவின் அளவு என்ன, எந்தப் பணிகளைப் பரிந்துரைத்தது என்று கேட்கலாம். முதன்மை அணைக்குத் துணையாக உள்ள சிறிய பேபி அணையைப் பலப்படுத்த அங்குள்ள 15 மரங்களை வெட்டக் கேரள வனத்துறை 2021 நவம்பரில் அனுமதி தந்து, சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த அனுமதி தொடர்பாக மத்திய அரசுக்கு வந்த கடிதங்கள் எத்தனை, அவற்றின் மீது எடுத்த முடிவு என்ன என்றும் கேட்கலாம்.

கேள்வி (வண்டிப்பெரியாறு): "இது மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது" என்று பதில் வந்தால்?

மத்திய அரசு செய்த பகுதியை மட்டும் பிரித்துக் கேளுங்கள்: கொடுத்த நிதி, அனுப்பிய சுற்றறிக்கை, பெற்ற அறிக்கை. மீதியைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள்.

கேள்வி (கம்பம்): அமைச்சருக்கு இவ்வளவு விவரமும் மனப்பாடமாக இருக்குமா?

கேள்வி கிடைத்தவுடன் அமைச்சக அதிகாரிகள் கீழுள்ள வாரியங்களிடமும் மாநிலங்களிடமும் விவரம் கேட்டு வரைவு தயாரிக்கிறார்கள். நட்சத்திரக் கேள்வியானால், வரக்கூடிய துணைக் கேள்விகளை ஊகித்துத் தனிக் குறிப்பும் எழுதிக் கொடுக்கிறார்கள். அவையில் அதிகாரிகளுக்கென்று உள்ள மாடத்திலிருந்து துண்டுச் சீட்டும் போகும். ஆகவே, துணைக் கேள்வியில்தான் அமைச்சருக்குத் தம் துறை எவ்வளவு தெரியும் என்பது வெளிப்படும்.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய சான்று: 1957 செப்டம்பரில் மக்களவை உறுப்பினர் ராம் சுபக் சிங், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஒரு தனியார் தொழில் குழுமத்தில் போடப்பட்டதா என்று கேட்டார். வந்தது மழுப்பலான பதில். அதோடு விடாமல் இன்னொரு உறுப்பினரான பெரோஸ் காந்தி டிசம்பரில் ஆவணங்களோடு அதை அவையில் எழுப்பினார். நீதிபதி சாக்ளா விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். இத்தனைக்கும் தொடக்கம் ஒரே ஒரு கேள்வி.

இதே உரிமையை விலைக்கு விற்றவர்களும் உண்டு. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி நீக்கப்பட்டார்கள். அந்தத் தண்டனை சரியானது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி (தேனி): "பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்ததா?

முடியவில்லை. "பரிசீலனையில் உள்ளது", "விவரங்கள் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்" போன்ற சொற்கள் அரசு தந்த உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்படும். அதை மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். 1953 முதல் மக்களவையில் இதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அது அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம். கால நீட்டிப்பு கேட்டு இழுத்தடிப்பது சாதாரணமாக நடக்கிறது என்றாலும், உறுதிமொழி பதிவேட்டிலேயே நிற்கும்.

மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 இறுதியில் நின்றது. அகலப் பாதையில் ரயில் தேனிக்கு 2022 மேயிலும் போடிக்கு 2023 ஜூனிலும்தான் வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாம் கொடுத்த மனுக்கள் பெரும்பாலும் "விரைந்து முடியுங்கள்" என்பதாகவே இருந்தன. ஆண்டுதோறும் ஒதுக்கியது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, முடிக்கும் இலக்கு எந்த மாதம் என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேட்க வைத்திருந்தால், பிந்தும்போதெல்லாம் அமைச்சர் தம் பழைய பதிலுக்கே விளக்கம் தர வேண்டியிருந்திருக்கும்.

கேள்வி (குமுளி): அமைச்சர் தந்த விவரம் தவறு என்று தெரிந்தால்?

உறுப்பினர் ஆதாரத்தோடு சபாநாயகருக்கு எழுதலாம். சபாநாயகரின் நெறிமுறை 115 அதற்கானது. தவறை உணர்ந்து அமைச்சரே திருத்த அறிக்கை வைப்பதும் உண்டு. வெறும் தவறு அவையின் உரிமையை மீறியதாக ஆகாது. தெரிந்தே அவையைத் திசைதிருப்பியதாகக் காட்ட வேண்டும்.

கேள்வி (மூணாறு): எங்களுக்குத் தமிழ் மட்டுமே நன்றாகத் தெரியும். எம்.பி.க்கு எப்போது, எப்படி எழுதுவது?

தமிழிலேயே எழுதுங்கள், அம்மா. இடுக்கி எம்.பி.யின் அலுவலகத்தில் தமிழ் படிப்பவர் இல்லையென்றால், பிள்ளைகளை விட்டு மலையாளத்தில் ஒரு பக்கம் எழுதி இணைத்துவிடுங்கள். கேள்வி பதிலளிக்கப்படும் நாளுக்குக் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே உறுப்பினர் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கும். போட்டி மிகுந்தால் குலுக்கலில்தான் வரிசை முடிவாகும். அதனால் கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு வரும் கடிதம் பெரும்பாலும் அடுத்த தொடருக்குத் தள்ளிப்போகும். பட்ஜெட் தொடருக்கு டிசம்பரிலும், மழைக்காலத் தொடருக்கு ஜூனிலும், குளிர்காலத் தொடருக்கு அக்டோபரிலும் கடிதம் அவர் கையில் இருக்கட்டும். ஒரு கடிதத்தில் ஒரே பொருள், அதில் நான்கு உட்கேள்விகள் வரை போதும். பதில் வெளியான அன்றே நாடாளுமன்ற இணையதளத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடைக்கும்; கேள்வி எண்ணையும் தேதியையும் எம்.பி.யின் அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கடிதத்தில் அவற்றைக் குறிப்பிட வேண்டியிருக்கும்.