பதில்: கூட்டத்துக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமா?

தம்பி, கிளினிக்கில் சொன்ன எச்.ஐ.வி ஆதரவுக் கூட்டத்துக்குப் போனால் திருகோணமலை முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள், மனைவிக்குத் தொற்றிவிடுமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் 6 வருடமாகக் குளிசை எடுப்பவன்தான், உப்புவெளிப் பக்கம்.

முதலில் மனைவியின் விஷயம். குளிசையை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால் உடலுறவால் தொற்றாது. ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்து, அவருக்கு வைரஸ் அப்படிக் குறைந்திருந்த சோடிகளை ஐரோப்பாவில் கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 தடவை உறவு கொண்டும் துணையிடமிருந்து தொற்றியவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் உங்கள் வைரல் லோட் (இரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) முடிவை டொக்டரிடம் கேட்டு அறியும்வரை ஆணுறையை விடவேண்டாம், மனைவியும் இரத்தம் சோதிக்கட்டும். பிள்ளை ஆசை இருந்தால் அதையும் வாய்விட்டுக் கேளுங்கள்; தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்ததற்கு 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது.

சரி, கூட்டம். முதல் தடவை நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் அரை மணித்தியாலம் நின்றேன். உள்ளே ஒரு அக்கா பிளேன்டீயை நீட்டிவிட்டு, "குளிசையை எதுக்குள்ள ஒளிக்கிறீங்க?" என்று கேட்டா. விற்றமின் போத்தலுக்குள் என்றேன், எல்லோருக்கும் சிரிப்பு, பாதிப்பேர் அதேதான் (மருந்தை அப்படி மாற்றிப் போடக்கூடாதென்று தாதி பிறகு ஏசினா, அது வேறு). அங்கே வருகிறவருக்கும் மறைக்க ஒன்று இருக்கிறது, உங்களைப் பற்றி வெளியே போய்ச் சொன்னால் தானும் மாட்டுவார். அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் வேறு மாவட்டத்தில் சேரமுடியுமா என்று கிளினிக் தாதியிடமே கேளுங்கள்.