தேயிலை மலிவானபோது வந்த கோபம்

வணக்கம்.

பல ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். 1776இல் அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து 250 ஆண்டு ஆகிறது என்பதால் எங்கள் ஊரில் எங்கே பார்த்தாலும் கொடிதான். பக்கத்து வீட்டுக்காரர் தங்கமான மனிதர். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தால், "வரி கட்ட மாட்டோம் என்று எங்கள் ஆட்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். அரசாங்கம் என் வாசலுக்கு வராமல் இருப்பதுதான் சுதந்திரம்" என்பார். கல்லூரியில் படிக்கும் என் மகள் இதற்கு நேர் எதிர். அடிமைகளை வைத்திருந்த பணக்காரர்கள் தங்கள் லாபத்துக்காகப் போட்ட நாடகத்தைக் கொண்டாட என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். மகள் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்., நியூ ஜெர்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகளிடம் ஆதாரம் நிறைய இருக்கிறது. மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அந்தச் சுதந்திர அறிவிப்பில் எழுதிய ஜெஃபர்சனுக்கு வாழ்நாளில் சொந்தமாயிருந்த அடிமைகள் 600க்கும் மேல். லண்டனில் இருந்த எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1775லேயே, அடிமைகளை ஓட்டி வேலை வாங்குகிறவர்கள்தானே சுதந்திரம் சுதந்திரம் என்று உரக்கக் கூவுகிறார்கள், இது எப்படி என்று கேட்டுவிட்டார். 1779இல் ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பிய படை இரோகுவாய் என்ற பூர்வகுடி மக்களின் ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் எரித்தது. அவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஊரழிப்பவர்'.

இவ்வளவும் இருந்தும் அதை நாடகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் வரிக் கதையிலிருந்து வருகிறேன்.

1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அந்த ஆண்டு தேயிலை விலை ஏறியிருக்கவில்லை, இறங்கியிருந்தது. லண்டன் கிடங்குகளில் தேங்கிக் கிடந்த சரக்கைக் கிழக்கிந்தியக் கம்பெனி நேரே அமெரிக்காவுக்கு அனுப்பலாம், இங்கிலாந்தில் கட்டவேண்டிய தீர்வை கிடையாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ராத்தலுக்கு மூன்று பென்ஸ் வரியை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த வரியோடு சேர்த்துக்கூடக் கடத்தல் தேயிலையோடு போட்டி போடுகிற விலைதான். கடத்தல்காரர்களுக்கும், கம்பெனி ஒதுக்கிவிட்ட உள்ளூர் வியாபாரிகளுக்கும் இதில் வயிற்றெரிச்சல் இருந்தது உண்மை. உங்கள் மகள் இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் வியாபாரியின் நஷ்டத்துக்காக ஒரு ஊரே எழுந்துவிடாது. அமெரிக்கக் குடியேற்றங்களின் விஷயத்தில் 'எதிலும்' சட்டம் போடும் உரிமை தனக்கு உண்டு என்று 1766இல் நாடாளுமன்றம் அறிவித்திருந்தது. மூன்று பென்ஸைக் கட்டினால் அதை ஒப்புக்கொண்டதாக ஆகும். இன்றைக்குத் தேயிலை, நாளைக்கு என்ன? பென்சில்வேனியா அரசியல்வாதி ஜான் டிக்கின்சன் 1773இல் எழுதிய துண்டறிக்கையில் வங்காளத்தைக் காட்டினார். அங்கே கம்பெனியின் ஆட்சியில் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள், அந்தக் கம்பெனிதான் இப்போது நம் கரைக்கு வருகிறது என்று எச்சரித்தார். (1770 வங்காளப் பஞ்சம் பாஸ்டன் தேயிலை விவகாரத்தோடு இப்படித் தொடர்புபட்டிருப்பது நம் பாடப்புத்தகங்களில் வந்ததாக எனக்கு நினைவில்லை.)

ஆக, அவர்கள் சண்டை போட்டது வரியின் அளவுக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. என்னைக் கேட்காமல் என்மேல் முடிவெடுக்க நீ யார் என்பதுதான் கேள்வி. வரியே கூடாது என்பதற்காகத்தான் புரட்சி என்றால், அந்தப் புரட்சியின் தளபதியே அதைக் கவிழ்த்துவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும். 1791இல் விஸ்கிக்கு வரி போட்டார்கள். மேற்குப் பென்சில்வேனியா விவசாயிகள் எதிர்த்தபோது, 1794இல் கிட்டத்தட்ட 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டிக்கொண்டு குதிரையேறிப் புறப்பட்டவர் குடியரசுத் தலைவர் வாஷிங்டன். இது நீங்களே தேர்ந்தெடுத்தவர்கள் போட்ட வரி, இங்கிலாந்து போட்டது இல்லை என்பதுதான் அவர் தரப்பு வாதம்.

அப்புறம் பெட். உங்கள் மகளிடம் நீங்கள் சொல்லவேண்டியது இந்தக் கதையைத்தான். மாசசூசெட்ஸில் ஷெஃபீல்டு என்ற ஊரில் ஜான் ஆஷ்லி வீட்டில் பெட் அடிமையாக இருந்தார். மனிதர் எல்லாரும் இயற்கையில் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்று அந்த ஊர் 1773இல் ஒரு தீர்மானம் போட்டது. அதை எழுதியது ஆஷ்லியின் வீட்டில்தான். எழுதியவர்களில் ஒருவர் தியோடர் செட்ஜ்விக் என்ற இளம் வழக்கறிஞர். 1780இல் மாநிலத்தின் புதிய அரசியலமைப்பும் எல்லாரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்றது. பெட் நேரே அதே செட்ஜ்விக்கிடம் போனார். 1781இல் வழக்கு, ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்தது, முப்பது ஷில்லிங் நஷ்டஈடும் கிடைத்தது. கூலி தருகிறேன், திரும்பி வா என்று ஆஷ்லி கூப்பிட்டபோது அவர் போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

வாஷிங்டனின் அடிமைகளில் ஹாரி என்று ஒருவர். ஆப்பிரிக்காவில் பிறந்தவர். ஓடிவந்து எங்களோடு சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் அறிவிக்க, 1776இல் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னான் பண்ணையிலிருந்து தப்பி அவர்களிடம் போய்ச் சேர்ந்தார். போர் முடிந்ததும் இன்றைய கனடாவில் இருக்கும் நோவா ஸ்கோஷியா. 1792இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன். அங்கே ஆட்சி நடத்தி நிலவரி கேட்ட சியரா லியோன் கம்பெனிக்கு எதிராக 1800இல் குடியேறிகள் கிளம்பியபோது ஹாரி வாஷிங்டனும் அதில் இருந்தார். பிடித்து நாடு கடத்தினார்கள். எஜமானரும் அடிமையும் எதிரெதிர்ப் படைகளில் நின்று ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். வெறும் பணக்கார நாடகம் என்று தள்ளிவிட்டால் பெட்டையும் ஹாரியையும் எங்கே வைப்பது?

கேட்டது பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை, சில இடங்களில் கொடுத்ததைத் திரும்பவும் பிடுங்கிக்கொண்டார்கள். உங்கள் நியூ ஜெர்சியே சாட்சி. 1776இல் அந்த மாநிலம் ஐம்பது பவுன்டு சொத்துள்ள குடிகள் எல்லாருக்கும் ஓட்டு என்று எழுதிவிட்டது. ஆண், வெள்ளையர் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. கைம்பெண்களும் திருமணமாகாத பெண்களும் கறுப்பினத்தவரும் போய் ஓட்டுப் போட்டார்கள். 1807இல் வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டு அந்தக் கதவைச் சாத்தினார்கள். அடுத்த முறை ட்ரென்டன் பக்கம் போனால் அங்கிருக்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது என்று.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதையும் நான் முழுக்கத் தள்ளவில்லை. அரசாங்கம் விலகி நிற்கவேண்டிய இடங்கள் உண்டு. புரட்சி நடந்து 22 ஆண்டில், 1798இல், அரசைத் திட்டி எழுதினால் சிறை என்று சட்டம் கொண்டுவந்தது அதே புரட்சிக்காரர்கள்தான். வெர்மான்ட் மாநிலத்தின் காங்கிரஸ் (நாடாளுமன்ற) உறுப்பினர் மாத்யூ லயன் உள்ளே போனார். மக்கள் அவரைச் சிறையில் வைத்தே மறுபடி ஜெயிக்கவைத்தார்கள். இன்னொன்று சிரிப்பாக இருக்கும். நியூ ஹாம்ப்ஷயரில் வண்டி நம்பர் பலகையிலேயே 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் சாவு' என்று அச்சிட்டிருப்பார்கள். ஜார்ஜ் மேனார்டு தன் மத நம்பிக்கைக்கு அது ஒத்துவரவில்லை என்று அந்த வாசகத்தை மறைத்து ஓட்டினார். அபராதம் போட்டார்கள், கட்ட மறுத்தார், 15 நாள் சிறை! சுதந்திரத்தைப் பலகையில் சுமக்க மறுத்தவருக்குச் சிறை. 1977இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் சுதந்திரம் அவர் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. தலைநகர் வாஷிங்டனில் கிட்டத்தட்ட ஏழு லட்சம் பேர் இருக்கிறார்கள், வெர்மான்ட், வயோமிங் மாநிலங்களைவிட அதிகம். மத்திய வரி கட்டுகிறார்கள். காங்கிரஸில் சட்டத்தின்மேல் இறுதி ஓட்டுப் போடும் உறுப்பினர் அவர்களுக்கு ஒருவர்கூட இல்லை. 2000லிருந்து அந்த ஊர் வண்டிப் பலகைகளில் 'பிரதிநிதித்துவம் இல்லாத வரி' என்ற பழைய புகாரையே அச்சிடுகிறார்கள். 1776ஐப் பற்றி அத்தனை பெருமையாகப் பேசுகிற மனிதருக்கு இது உறுத்தவேண்டாமா?

நீங்கள் குடியுரிமை வாங்கிவிட்டீர்களா என்று எழுதவில்லை. வாங்காமல் கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் நம் ஆட்களும் வருமான வரி கட்டுகிறார்கள், வீட்டு வரி கட்டுகிறார்கள், ஓட்டு இல்லை. வந்த அன்றே நாடாளுமன்றத்துக்கு ஓட்டுக் கொடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பல மாநிலங்களில் குடியுரிமை இல்லாதவர்களும் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அதைக் கடைசியாக நிறுத்தியது அர்கன்சாஸ், 1926இல். மேரிலாந்தின் டகோமா பார்க்கில் உள்ளூர்த் தேர்தலுக்கு இன்றும் அந்த உரிமை இருக்கிறது. பிள்ளை படிக்கும் பள்ளியின் வாரியத் தேர்தலிலாவது அப்பா அம்மாவுக்கு ஓட்டு இருக்கவேண்டும் என்பது என் கட்சி. இதில் உங்கள் மகள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டு எழுதுங்கள்.